தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் அரிப்பு: உங்கள் வீட்டில் யாருக்காவது?

போன ஆடியில் அம்மாவுக்கு அரிப்பு தொடங்கியது. முதலில் உள்ளங்கை, உள்ளங்கால், அதுவும் ராத்திரியில்தான். தடிப்பு இல்லை, படை இல்லை. சோப்பை மாற்றினோம், கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தினோம், வேப்பிலை அரைத்துப் பூசினோம், அலர்ஜி மாத்திரையும் கேட்கவில்லை. ஆறு வாரம் போச்சு. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு சீப்பால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் முதலில் முதுகைப் பார்த்தார். தோள், இடுப்பு எல்லாம் நகக் கீறல், ஆனால் கை எட்டாத நடுமுதுகு மட்டும் பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி சுத்தமாக இருந்தது. "தோல் வியாதின்னா இங்கயும் இருக்கணுமேம்மா, இதெல்லாம் நகம் போட்ட காயம்" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் கண் வெள்ளையைப் பார்த்தார், மலம் என்ன நிறம் என்று கேட்டார். அம்மா தயங்கித் தயங்கி, களிமண் மாதிரி வெளுத்துப் போகுது என்றார். இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை!

ஸ்கேனில் தெரிந்தது: பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பித்தக் குழாயை அடைத்திருக்கிறது. மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான். அது குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கியதால்தான் அந்த நமைச்சல். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள், சில நாளில் அம்மா நன்றாகத் தூங்கினார். தடிப்பே இல்லையே என்று நாங்கள் ஆறுதல்பட்டோம் பாருங்கள், அதுதான் அடையாளமே.

* * *

உங்கள் அம்மா கதையைப் படித்ததும் என் அக்கா மகன் நினைவு வந்தது. அவனுக்கு 14 வயது. பின்கழுத்து கறுத்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் அழுக்கு என்று கேலி. நானே எலுமிச்சையும் பயத்தமாவும் போட்டு எரிய எரியத் தேய்த்திருக்கிறேன், அவன் அழுதது இன்னும் மனதில் உறுத்துகிறது. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கும். குழந்தைகள் டாக்டர்தான் சொன்னார்: இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்கவில்லை, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அந்த மிகுதி தோல் செல்களைப் பெருக வைக்கிறது. எடை குறையக் குறைய, தேய்க்காமலே கறுப்பு மங்கி வருகிறது.

* * *

எங்கள் வீட்டில் தலைகீழ், உள்ளே கோளாறு என்று பயந்தது தோலில் வந்து நின்றது. இவருக்கு இடது நெஞ்சில் பட்டை கட்டின மாதிரி எரிச்சல், சட்டை உரசினாலே துடித்தார். மாரடைப்போ என்று ஓடினோம், ஈசிஜி நன்றாக இருந்தது. நாலாம் நாள் அதே பட்டையில் வரிசையாகக் கொப்புளம். அக்கி! சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பிலேயே தூங்கிக் கிடந்திருக்கிறது. மாமியார் காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிப்போகச் சொன்னார். எழுதுவது பிறகு ஆகட்டும் அத்தை, கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்லது என்று சொல்லி, அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.