மறு: மறு: ‘நோய் முன்னேற்றம்’ என்பதற்கு வேறு சொல் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நோய் மிகுவதைக் குறிக்கும் ‘progression’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் குழுமத்தில் தமிழ் தேடி நான்கு நாட்களாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> முன்னேற்றம் என்பதில் என்ன குறை? முன் + ஏற்றம். முன்னோக்கிப் போவது நல்லதா கெட்டதா என்பது இடத்தைப் பொறுத்தது. அகராதிப்படி பிழை இல்லையே.

அகராதிப்படி பிழை இல்லைதான் ஐயா. பிழை வீட்டுக் கூடத்தில் நேர்கிறது. நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் கணவருக்கு மூளையில் கட்டி. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று. அறுவை முடிந்து, ஆறு வாரம் கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மாத்திரையும் முடிந்து, ஒரு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிலிமோடு தமிழில் ஒரு குறிப்பும் கொடுத்தார்கள்: ‘நோய் முன்னேற்றம் காணப்படுகிறது.’ பேருந்திலிருந்தே தங்கை எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, முன்னேற்றம் இருக்காம்ண்ணா.” அன்று சாயங்காலம் விளக்கேற்றி, கேசரி கிண்டி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். மறுநாள் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: கட்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் அந்த வரியின் பொருள். குறிப்பை எழுதியவர் நல்ல எண்ணத்தோடு, அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் ஒரு தலைவர் மருத்துவமனையில் இருந்தால் ‘உடல்நிலையில் முன்னேற்றம்’ என்றுதானே நாளிதழில் படிக்கிறோம்? நோயாளியின் பக்கத்தில் ‘முன்னேற்றம்’ என்ற சொல் வந்தால் தமிழ்க் காதுக்கு அது தேறுவதுதான். அந்தக் காதை மாற்றச் சொல்ல முடியாது, சொல்லைத்தான் மாற்றவேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. “மருந்தை மாற்றவேண்டாம், இரண்டு மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்” என்றார் மருத்துவர். பார்த்தார்கள். பெரிதாகத் தெரிந்த பகுதி, சிகிச்சையை மாற்றாமலே சுருங்கியிருந்தது. முதலில் கண்டது கட்டியின் வளர்ச்சியே இல்லை. ஆங்கிலத்தில் ‘pseudoprogression’ எனப்படும் இந்த நிலைக்குத்தான் நாம் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘போலி முன்னேற்றம்’ என்று இரண்டு பேர் முன்மொழிந்திருந்தீர்கள். அதைத் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்போ முன்னேறலையா, மோசமாயிடுச்சா?” என்று கேட்டாள். நடந்ததற்கு நேர் எதிராக அவளுக்குப் புரிகிறது.

சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பார்ப்போம். இது புதிதாக யாரோ கற்பித்த வகையல்ல. 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 573 நோயாளிகளைக் கொண்டு, கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்கு 10.4-லிருந்து 26.5 ஆகிறார்கள் என்று காட்டியது. உலகம் முழுவதும் அதுவே வழக்கமான சிகிச்சையானது. அதன் பிறகுதான் மருத்துவர்கள் இந்த விநோதத்தை அடிக்கடி கண்டார்கள்: சிகிச்சை முடிந்த முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிகிறது, ஆளோ பெரும்பாலும் முன்பு இருந்தபடியே இருக்கிறார்.

இத்தாலியின் போலோன்யா நகரில் பெல்லாரியா மருத்துவமனை இருக்கிறது. அங்கே புற்றுநோய் மருத்துவராக இருந்த ஆல்பா பிராண்டஸ், தம் குழுவோடு 103 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார். முன்சொன்ன 2005 ஆய்வை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 103 பேரில் 50 பேருக்கு முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தது. அந்த 50 பேரில் 32 பேருக்கு அது உண்மை வளர்ச்சி இல்லை. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு! அவர்களுடைய குறிப்பில் எல்லாம் ‘நோய் முன்னேற்றம்’ என்று எழுதி, மருந்தையும் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் இன்னொன்றும் பார்த்தார். டெமோசோலோமைடு, புற்றுச் செல்லின் மரபுப்பொருளில் ஒரு சிறு வடுவை உண்டாக்குகிறது. அந்த வடுவைச் சரிசெய்யும் புரதம் எம்ஜிஎம்டி. சிலருடைய கட்டியில் அந்தப் புரதத்துக்கான மரபணு வாய்பூட்டப்பட்டிருக்கும். பழுது பார்க்க ஆள் இல்லாததால் மருந்து நன்றாக வேலை செய்யும். ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்த 50 பேரில் இப்படி வாய்பூட்டப்பட்டவர்கள் 23 பேர்; அவர்களில் 21 பேருக்கு அது பொய்யான வளர்ச்சி. பூட்டப்படாத 27 பேரில் 11 பேருக்குத்தான் அப்படி. மருந்து பலமாகப் பிடித்த இடத்தில்தான் படம் மோசமாகத் தெரிகிறது. படத்தில் கண்ட கெட்ட செய்தி, பலருக்கு நல்ல செய்தியின் அடையாளமாக இருந்திருக்கிறது.

படம் ஏன் அப்படிக் காட்டுகிறது? எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாக ஒளிர்வது நேராகக் கட்டி அல்ல. கையில் ஊசி வழியாக ஏற்றும் கடோலினியம் மருந்து, ரத்தக் குழாயை விட்டுக் கசிந்த இடம். நல்ல மூளையில் குழாய்ச் சுவர் அதைக் கசியவிடாது. கட்டி இருந்தால் கசியும். ஆனால் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்து அந்தச் சுவரைப் புண்ணாக்கினாலும் கசியும், சுற்றிலும் நீர் கோக்கும். இரண்டும் பிலிமில் ஒன்றுபோலவே தெரியும்.

> அப்படியானால் ‘பொய்வீக்கம்’ என்றே சொல்லிவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் வீக்கம் பொய்யல்லவே. வீக்கம் மெய். அதனால் தலைவலி வரலாம், கைகால் பலவீனம்கூட வரலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம். ‘வீக்கம் பொய்’ என்று நோயாளி எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இங்கே பொய்யானது, வீக்கம் நமக்குச் சொல்லும் சேதி.

அதனால் ‘பொய்’ என்ற முன்னொட்டை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். நம் வீட்டுப் பெண்களிடம் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிரசவத்துக்கு முன்னால் வந்து போகும் வலியைப் ‘பொய்வலி’ என்கிறார்கள். வலிக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. நன்றாகவே வலிக்கும். பிள்ளை இப்போது வரப்போவதில்லை, அவ்வளவுதான். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமலே, மருத்துவமனையின் பிரசவ அறையில் இன்றும் புழங்கும் சொல். அதில் ‘பொய்’ செய்யும் வேலைதான் நமக்கும் வேண்டும்.

‘போலி’யை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். அமீபாவுக்குப் போலிக்கால் என்று பள்ளியில் படித்தோம், உண்மைதான். ஆனால் மருத்துவமனை வாசலில் நிற்பவர் காதில் போலி என்று விழுந்தால், போலி மருந்து, போலி மருத்துவர் என்றுதான் மனம் ஓடும். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற அச்சத்தை நாம் உண்டாக்கவேண்டாம்.

இனி அடிச்சொல். வந்த பரிந்துரைகளில் என் மனத்தில் நெடுநேரம் நின்றது ‘நோய் முற்றல்’. அசல் தமிழ். ஆனால் ‘முற்றிப்போச்சு’ என்றால் நம் ஊரில் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள். கட்டி கால்பங்கு பெரிதானவருக்கும் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும் ஒரே சொல்லைக் கொடுப்பது கொடுமை. ‘பெருக்கம்’ செல்கள் பெருகுவதற்கு ஏற்கெனவே வேண்டியிருக்கிறது. ‘மேலோங்கல்’ ஓசையில் அழகு, பேச்சில் யாரும் சொல்லமாட்டார்கள். ‘கட்டி வளர்ச்சி’ எல்லோருக்கும் புரியும், ஆனால் அளவு மாறாமல் நோயாளியின் நிலை மட்டும் சரிந்தாலும் மருத்துவர்கள் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அங்கே அது பொருந்தாது.

என் பரிந்துரை: நோயேற்றம். பொய்யாகத் தோன்றுவது பொய்யேற்றம்.

காய்ச்சல் ஏறுகிறது, சர்க்கரை ஏறிவிட்டது, விஷம் ஏறுகிறது, பித்தம் தலைக்கேறிவிட்டது. நோய் மிகுவதை நாம் ஏறுவதாகவே பேசுகிறோம். தணிவதை இறங்குவதாகப் பேசுகிறோம். யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

> முன்னேற்றத்தில் இருக்கும் அதே ‘ஏற்றம்’தானே இதிலும் இருக்கிறது? ஏற்றம் பெறுக என்று வாழ்த்துகிறோமே. குழப்பம் தீராது.

முந்தைய மடலில் ‘ஏற்றம்’ என்று நான் தொட்டுச் சென்றபோதே நீங்கள் எழுப்பிய இந்தக் கேள்வி நியாயமானது அம்மா. இரண்டு நாள் யோசித்தேன். ‘விலையேற்றம்’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஏற்றம் இருக்கிறதே என்று யாராவது மகிழ்கிறார்களா? எது ஏறுகிறது என்பது சொல்லுக்குள்ளேயே ஒட்டி நிற்பதால் குழப்பம் இல்லை. ‘நோய் முன்னேற்றம்’ என்பதைக் காது ‘நோயில் முன்னேற்றம்’ என்று பிரித்துக் கேட்கிறது. ‘நோயேற்றம்’ அப்படிப் பிரியாது; ஏறியது நோய்தான். ஆகவே எப்போதும் ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதவேண்டும் என்பதை நான் வற்புறுத்துகிறேன். இடைவெளி விட்டு ‘நோய் ஏற்றம்’ என்று எழுதினால் உங்கள் அச்சம் மீண்டும் உயிர்பெறும்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த இன்னொரு பக்கமும் உண்டு. பெவாசிசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் 2009-இல் மீண்டும் தலைதூக்கிய கிளையோபிளாஸ்டோமாவுக்கு அனுமதிக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் சில நாட்களிலேயே படத்தில் வெள்ளை மங்கிவிடும். கட்டி கரைந்ததனால் அல்ல, குழாய்க் கசிவு அடைபட்டதனால். உள்ளே கட்டி இருந்தபடியே இருக்கலாம், பரவிக்கொண்டும் இருக்கலாம். இதற்கும் பெயர் வேண்டும். ‘பொய்யிறக்கம்’ தானாகவே வந்து உட்காருகிறது. சிகிச்சைக்கு நோய் பணிவது நோயிறக்கம். ஏற்றம், இறக்கம், பொய்யேற்றம், பொய்யிறக்கம் என்று நான்கும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. நோய் மறுபடி ஏறாமல் நோயாளி வாழும் காலத்தை ‘நோயேற்றமிலாக் காலம்’ எனலாம். இது கொஞ்சம் கடினம்தான், மருத்துவ இதழ்களுக்குப் போதும்.

கதிர்வீச்சினால் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும் திசு அழிவை இதோடு சேர்க்கவேண்டாம் என்று கதிரியக்க மருத்துவ நண்பர் எச்சரித்ததை ஏற்கிறேன். அது வேறு, அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

> கலைச்சொல் மருத்துவருக்கு. நோயாளிக்கு மருத்துவர் வாயால் விளக்கினால் போதாதா?

போதாது. இந்தச் சொல் நோயாளியின் அடுத்த முடிவோடு பிணைந்திருக்கிறது. மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பணிகிறதா என்று மதிப்பிடும் ரானோ என்ற அளவுகோலை 2010-இல் வகுத்தபோது, கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரத்துக்குள் நோயேற்றம் என்று அறிவிப்பதற்கே கட்டுப்பாடு வைத்தார்கள்: கதிர் பட்ட பகுதிக்கு வெளியே புதிதாக ஒளிரவேண்டும், அல்லது திசுவை எடுத்துப் பார்த்து உறுதிசெய்யவேண்டும். மற்றபடி பொறுத்திருந்து பார்ப்பதுதான் வழி. அந்த வாரங்களில் வீட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பது ஒரு தாளும் அதில் ஒரு சொல்லும் மட்டுமே. மருத்துவர் விளக்கிய பத்து நிமிடத்தைவிட அந்தத் தாள் அதிக நேரம் அவர்களோடு இருக்கிறது. தங்கை அந்தத் தாளைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தாள். அவள் ராத்திரி எழுந்து அதை எடுத்து எடுத்துப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். குழுமத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள். அகராதியில் ஏற்றுவதற்கு முன், இந்தச் சொற்களை விளக்கம் எதுவும் சொல்லாமல் வீட்டாரிடம் கொடுத்து, என்ன புரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘படத்தில் தெரிவது பொய்யேற்றமாக இருக்கலாம், எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்’ என்ற வரியை நேற்று தங்கைக்கு அனுப்பியிருந்தேன். “ஏறின மாதிரி காட்டுது, ஆனா ஏறலை, அப்படித்தானே அண்ணா?” என்று திருப்பிக் கேட்டாள். “ஏறாமலும் இருக்கலாம்” என்று திருத்தினேன். அந்த ‘இருக்கலாம்’ விடுபடாமல் இருக்கச் சொல்லிலேயே ஏதாவது வழி உண்டா? எனக்கு எட்டவில்லை, யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்