முற்பிறவி நினைவு: ஆதாரம் என்று எதைச் சொல்வது?

தாமிரபரணி:
என் தம்பி மகளுக்கு மூன்றரை வயது. சென்னையில் ஐந்தாவது மாடியில் பிறந்து வளர்கிற பிள்ளை. போன தை மாதம் ஒரு ராத்திரி தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எங்க அந்த வீட்ல ரெண்டு கிணறு இருக்கு. ஒண்ணுல தண்ணி உப்பு" என்றாள். எந்த வீடுடா கண்ணு என்றால், "செல்லையா வீடு" என்றாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. இரண்டு மாதம் கழித்து உடன்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எங்களைத் தங்க வைத்த வீட்டின் கொல்லையில் இரண்டு கிணறு. வீட்டுக்காரரின் தகப்பனார் பெயர் செல்லையா. காலமாகிப் பல வருடம் ஆகிறதாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இதைச் சொன்னால் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த இயான் ஸ்டீவன்சன் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடி நாடு நாடாக அலைந்தார். சுமார் 2,500 சம்பவங்கள் சேர்ந்தன. 1966இல் அவர் நூலாக வெளியிட்ட இருபது சம்பவங்களில் ஏழு இந்தியாவில் நடந்தவை, மூன்று இலங்கையில் நடந்தவை. ஆதாரமே இல்லை என்பவர்கள் அதில் ஒரு பக்கமாவது படித்திருக்கிறீர்களா?

கணக்கன்:
படித்திருக்கிறேன் அக்கா. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டீவன்சனை நான் ஏமாற்றுக்காரர் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். பெயர், தேதி, யார் சொன்னார், யார் அருகில் இருந்தார் என்று அட்டவணை போட்டு எழுதியவர். ஆனால் அந்த அட்டவணைகளை நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெரும்பாலானவற்றில், இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசி, அழுது, உறவாடி முடித்த பிறகுதான் அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். குழந்தை முதலில் என்ன சொன்னது என்பதற்கு வீட்டாரின் ஞாபகம் மட்டுமே சாட்சி. அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாக. சரிபார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டவை மிகச் சிறு பங்குதான்.

உங்களிடமும் மூன்று கேள்விகள். குழந்தை சொன்னதை அன்றைக்கே யாராவது எழுதினீர்களா? அவளைப் பார்த்துக்கொண்டவர் எந்த ஊர்க்காரர்? உடன்குடி போவதற்கு முன் சொன்னது எது, போன பிறகு சொன்னது எது?

தாமிரபரணி:
ஆயா வந்தவாசிக்காரர். கடற்கரைக் கிணறு பற்றி அவர் கதை சொல்ல வழியே இல்லை. எழுதி வைக்கவில்லை. தயிர்சாதம் ஊட்டும்போது நோட்டும் பேனாவுமாக யார் உட்காருவார்கள்?

சாந்தி தேவி விஷயத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? 1926இல் டெல்லியில் பிறந்த பெண். மதுராவில் எனக்கு வீடு இருக்கிறது, கணவர் இருக்கிறார் என்று சின்ன வயதிலிருந்தே சொன்னாள். 1935இல் பெரிய மனிதர்கள் அடங்கிய குழுவே ரயிலில் கூட்டிப்போய்ப் பார்த்து, பிறகு அறிக்கை கொடுத்தது. அவ்வளவு பேரும் பொய் சொன்னார்களா?

கணக்கன்:
ஒருவரும் பொய் சொல்லவில்லை. நடந்த வரிசையை மட்டும் பாருங்கள். குழு ரயில் ஏறுவதற்கு முன்பே, அந்தக் கணவர் என்று சொல்லப்பட்ட கேதார்நாத்தும் அவருடைய உறவினரும் டெல்லிக்கு வந்து அவளோடு பேசிவிட்டார்கள். அவள் மதுராவில் போய் இறங்கும்போது ஊரே திரண்டு நின்றது. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுமி சரியான ஆளைப் பார்த்தால் நூறு முகம் மலரும், தப்பான பக்கம் திரும்பினால் நூறு முகம் வாடும். அதைப் படித்துக்கொள்ள ஒரு குழந்தைக்குச் சூழ்ச்சி எதுவும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளே அம்மா முகத்தைப் பார்த்துத்தானே விடையை மாற்றுகிறார்கள்?

கொழும்பான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் ஆபிரகாம் கோவூர் என்று ஒருவர் இருந்தார். கேரளத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்தவர். அமானுஷ்ய சக்தி இருப்பதாகச் சொல்பவர்கள் அதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று 1963இல் அவர் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன சோதனைகளில் ஒன்று, உறைக்குள் வைத்து ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணை வாசித்துக் காட்டுவது. அவ்வளவுதான். 1978இல் அவர் இறக்கும் வரைக்கும் ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர் இதேபோல் அறிவித்த பத்து லட்சம் டாலருக்கும் 2015இல் அதை நிறுத்தும் வரை அதே கதைதான்.

தாமிரபரணி:
ஐயா, கோவூர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. போலிச் சாமியார்களிடம் ஏமாந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் துணை நின்றார். ஆனால் அந்தப் பந்தயம், எனக்குச் சக்தி இருக்கிறது என்று கூட்டம் சேர்க்கிறவர்களுக்கானது. ஒரு குழந்தை சாப்பிடும்போது தானாகச் சொல்வதை உறையில் போட்டு ஒட்ட முடியுமா? கேட்டபோது வராது என்பதாலேயே பொய் என்றால், நமக்கு வருகிற கனவும் பொய்தான்.

ஸ்டீவன்சன் சோதனைக்குப் பயந்தவரும் இல்லை. எண் பூட்டு ஒன்றை வாங்கி, தனக்கு மட்டும் தெரிந்த எண்ணை வைத்துப் பூட்டி, துறையின் அலமாரியில் போட்டுவிட்டுப் போனார். செத்த பிறகும் தன் நினைவு மிஞ்சினால் அந்த எண்ணை எப்படியாவது தெரிவிப்பேன் என்பது அவர் எண்ணம். தன் சாவையே சோதனைக்குக் கொடுத்த மனிதர் அவர்.

கணக்கன்:
கொழும்பான் ஐயா, இந்த இடத்தில் அக்கா சொல்வது நியாயம். குழந்தைகளின் பேச்சுக்குப் பந்தயம் சரியான அளவுகோல் ஆகாது.

அந்தப் பூட்டைப் பற்றிப் படித்த அன்று எனக்கும் மனது என்னவோ செய்தது. அவர் செய்ததிலேயே மிகச் சுத்தமான சோதனை அதுதான். விடையை முன்பே பூட்டியாயிற்று, யாரும் பிறகு திருத்த முடியாது. 2007இல் அவர் இறந்தார். பூட்டு திறந்ததாகச் செய்தி இல்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. பிறவி மாறும்போது ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறிய சம்பவங்கள் பர்மாவிலும் இலங்கையிலும் அவருக்குக் கிடைத்தன. லெபனானின் துரூஸ் மக்களிடமும் அலாஸ்காவின் திலிங்கித் மக்களிடமும் அப்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்படி மாறிப் பிறக்க முடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. நம் நாட்டிலேயே பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சா இப்படிப்பட்ட சம்பவங்களைப் பல வருடம் தேடினார். வடக்கே நிறையக் கிடைத்தது, தெற்கே மிகக் குறைவு. மறுபிறவியை நாமும்தான் நம்புகிறோம். ஆனால் பிள்ளை இப்படிப் பேசினால் "யாரு, எந்த ஊரு" என்று தேடிப் போகும் வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை. தேடுகிற இடத்தில்தான் கதை வளர்கிறது என்று நினைக்கிறேன்.

தாமிரபரணி:
தேடாத இடத்தில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்றும் அதையே சொல்லலாமே தம்பி. எத்தனை அம்மாக்கள் "சும்மா உளறாதே" என்று வாயை அடைத்திருப்பார்கள்!

துரூஸ் மக்களைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சாகும்போது இருக்கும் நம்பிக்கையும் கூடவே வரும் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லும்போதே அது எனக்கு வசதியான பதிலாகப் படுகிறது.

நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதற்கு நேற்று தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். கிணறும் செல்லையாவும் அவளுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால்தான் என்கிறாள். உப்புத் தண்ணீர் மட்டும் அப்போது இல்லையாம். உடன்குடியில் வாய் கொப்பளித்துவிட்டுப் பிள்ளை "உப்பு" என்று துப்பினாளாம், நானும் பக்கத்தில்தான் நின்றேனாம். எனக்கோ அந்தத் தயிர்சாதக் கிண்ணத்தோடுதான் ஞாபகம் இருக்கிறது. இரவெல்லாம் யோசித்தேன். எது சரி என்று தெரியவில்லை.

கொழும்பான்:
இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி அக்கா.

கணக்கன்:
எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. தாத்தா சாவுக்கு நான் ஊரில் இருந்ததாகவே பல வருடம் நம்பியிருந்தேன். அன்று நான் விடுதியில் இருந்தேன் என்று என் பழைய கடிதம் சொன்னது.

இரண்டு கிணறும் அந்தப் பெயரும் இன்னும் மிச்சம் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். செல்லையா அந்தப் பக்கம் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை இப்போதும் பேசுகிறாளா? பேசினால் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதுங்கள். யாரிடமும் விசாரிப்பதற்கு முன்பு இங்கே போட்டுவிடுங்கள். பொருந்தாததையும் சேர்த்து.

தாமிரபரணி:
ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் சொன்னாள். தேதி இந்தப் பதிவிலேயே இருக்கிறது. "அந்த வீட்ல ஊஞ்சல் இருக்கு, பச்சை. பாட்டிக்கு ஒரு கண்ணு தெரியாது." உடன்குடி வீட்டில் நான் ஊஞ்சல் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பாட்டியைப் பற்றி இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தம்பியை விட்டுக் கேட்கச் சொல்கிறேன். என்ன பதில் வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.