இஸ்தான்புல்லில் கப்பல் ஏறுவதா, இறங்குவதா?

நீலவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் நான், கணவர், அம்மா மூவரும் ஏழு இரவு க்ரூஸ் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஒரு முனை இஸ்தான்புல், மறுமுனை ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம். அதே கப்பல் ஒரு வாரம் இங்கிருந்து அங்கே, அடுத்த வாரம் அங்கிருந்து இங்கே. துருக்கியின் குஷாதாசி, கிரேக்கத் தீவுகளான சாந்தோரினி, மிகோனோஸ் எல்லாம் இரண்டிலும் உண்டு, வரிசைதான் மாறுகிறது. கட்டணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்கு இஸ்தான்புல் மேல் தீராத பிரியம். வேலை விஷயமாக அங்கே தங்கியிருந்த நாட்களில், சாயங்காலம் எமினோனுவில் படகு ஏறி எதிரே ஆசியக் கரையில் இருக்கிற உஸ்குதார் போவேன். அங்கே எந்த வேலையும் இருக்காது, அடுத்த படகிலேயே திரும்புவேன். படகின் வெளிப்பக்கம் நீள பெஞ்ச் இருக்கும். அதில் உட்கார்ந்தால் சுலைமானியே மசூதியின் குவிமாடம் மெல்லப் பின்னால் நகர்ந்துபோவது தெரியும். அம்மாவை அந்தப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம், கப்பல் அதற்கப்புறம்தான்.

கையில் இருப்பது 12 நாள், போக வர விமானம் உட்பட. மிச்ச நாட்களை இஸ்தான்புல்லுக்கே கொடுக்க நினைக்கிறேன். அவற்றைக் கப்பலுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? அம்மா நன்றாக நடப்பார், ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்கத் தலைவலி.

நங்கூரம்:

யோசிக்கவே வேண்டாம், இஸ்தான்புல்லில் தொடங்குங்கள்.

கப்பல் ஏறுகிற ஊருக்கு ஒரு நாளாவது முன்னாடி போய்ச் சேர வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அப்படிக் கையிருப்பாக வைக்கிற நாள் உங்களுக்குப் பிடித்த ஊரில் விழுந்தால் அது வீண் இல்லை. ஏதென்ஸில் தொடங்கினால் அந்த நாளை ஏதென்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலம் இஸ்தான்புல் வருகிறீர்கள். 2, 3, 4 முழுசாக உங்களுடையவை. ஐந்தாம் நாள் மதியம் கப்பல் ஏறினால் பன்னிரண்டாம் நாள் காலை பிரேயஸ், அன்றைக்கே மதியத்துக்கு மேல் விமானம். திருப்பிப் போட்டால் முதல் நாள் சாயங்காலம் ஏதென்ஸ், இரண்டாம் நாள் ஓய்வு, மூன்றாம் நாள் கப்பல், பத்தாம் நாள் காலை இஸ்தான்புல். பத்தும் பதினொன்றும்தான் கைக்கு வரும், பன்னிரண்டில் கிளம்பிவிடுவீர்கள். ஒரு முழு நாள் போச்சு.

பெட்டி விஷயமும் இருக்கிறது. விமானத்தில் பெட்டி வராமல் போனால், மூன்று நாள் ஒரே ஹோட்டலில் இருக்கிறவரைத் தேடி அது வந்துவிடும். தினம் ஒரு தீவு என்று நகர்கிறவரைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு.

கிழக்குக்காற்று:

நங்கூரம் சொன்ன கணக்கு சரி. ஒரு நாள் குறையும். ஆனாலும் நான் இறங்குவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கப்பலுக்கு முன்னால் இருக்கிற நாட்கள் எப்படிப் போகும் தெரியுமா? முதல் நாள் உடம்பு ஒரு நேரத்தில், ஊர் ஒரு நேரத்தில். இரண்டாம் நாள் சுற்றும்போதே பாஸ்போர்ட் எங்கே, கப்பல் செக்-இன் முடித்தோமா, பெட்டியில் ஒட்டும் சீட்டை அச்செடுத்தோமா என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி நாள் காலையில் பத்து மணிக்கே ஹோட்டலைக் காலி செய்கிற பரபரப்பு. பிடித்த ஊரில் நிற்கிறோம், ஆனால் கால் வாசலிலேயே இருக்கும். முடிவில் வைத்தால் கப்பலைத் தவறவிடும் பயமே கிடையாது. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவீர்கள், அன்றைக்கு முழுப் பகலும் உங்களுடையது. அறை மதியம்தான் கிடைக்கும், அதனால் என்ன, பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அம்மாவும் ஒரு வாரம் ஒரே கட்டிலில் தூங்கி எழுந்து, நேரத்துக்குப் பழகிய உடம்போடு வருவார்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். இஸ்தான்புல்லுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: வெளிச்சம்.

காலையில் கப்பல் மர்மரா கடலிலிருந்து வடக்கே ஏறி பாஸ்பரஸ் நீரிணையின் வாயை நோக்கி வரும். பழைய நகரம் இடது பக்கம், ஆசியக் கரை வலது பக்கம். சூரியன் ஆசியக் கரையிலிருந்து எழுவதால் அந்த வெயில் முழுவதும் பழைய நகரத்தின் முகத்தில் விழும். முதலில் நீல மசூதியின் ஆறு மினார்கள். அதை ஒட்டியே ஹாகியா சோபியா. 537-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் பெரிய குவிமாடம் காலை வெயிலில் பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வரும். பிறகு மரங்களுக்கு நடுவில் தோப்காபி அரண்மனையின் புகைபோக்கிகள் வரிசையாக, அடுத்து சராய்புர்னு முனை. அந்த முனையைத் தாண்டியதும் திரை விலகின மாதிரி பொன்கொம்பு என்கிற கடற்கழி திறக்கும், எதிரே மேட்டில் கலாட்டா கோபுரம். நீங்கள் சொன்ன சுலைமானியே அப்போதுதான் முழுசாகக் கண்ணில் படும். 1550-களில் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது, அந்த மேட்டையே தனக்கென்று எடுத்துக்கொண்டு நிற்கும். அத்தனையும் அரை மணி நேரத்துக்குள். சாலை வழியாக எத்தனை முறை போனாலும் அந்த ஊர் இப்படி வரிசைப்படி தன்னைக் காட்டாது. கடலிலிருந்து பார்ப்பதற்கென்றே கட்டின ஊர் அது.

புறப்பாடும் அழகுதான், மறுக்கவில்லை. தெற்கே இறங்கி மர்மராவுக்குள் கொஞ்சம் தள்ளிப்போனதும் சூரியன் பழைய நகரத்துக்குப் பின்னால் போய்விடும், மினார்கள் எல்லாம் கறுப்புக் கோடுகளாக நிற்கும். ஆனால் மே கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 8.25 ஆகும். கப்பல் ஐந்து மணிக்கோ ஆறு மணிக்கோ கிளம்பினால் அந்தக் காட்சி கிடைக்காது. வெள்ளை வெயிலில், எதிர்வெளிச்சத்தில், கண் கூசத்தான் ஊர் விலகிப்போகும். சூரிய உதயமோ 5.35 வாக்கில். ஏழு மணிக்குக் கரை சேருகிற கப்பலுக்கு நல்ல வெளிச்சம் தாராளமாக இருக்கும். இதுவே அக்டோபர் என்றால் ஏழு மணிக்குத்தான் விடியும், அப்போது கேட்டிருந்தால் நானே புறப்பாட்டைப் பாருங்கள் என்றிருப்பேன்.

அதனால் விளம்பரத்தில் இருக்கிற படங்களை நம்ப வேண்டாம். அட்டவணையில் போட்டிருக்கிற மணியையும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டிரெடி:

சுருக்கமாக மூன்று விஷயம்.

விசா. துருக்கி சில நாட்டவருக்குக் கொடுக்கிற இ-விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும்தான். இஸ்தான்புல்லில் ஏறி, கிரேக்கத் தீவுகளுக்குப் போய், நடுவில் குஷாதாசியில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. கப்பலில் வருகிறவர்கள் துறைமுக ஊரைப் பகலில் சுற்றிப் பார்க்கத் தனி அனுமதி உண்டு. ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பணம் கட்டும் முன் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கிரேக்கத்துக்கு வேண்டிய ஷெங்கன் (ஐரோப்பியப் பொது) விசாவிலும் இதே சிக்கல்: கிரேக்கம், குஷாதாசி, மறுபடி கிரேக்கம் என்று வரிசை இருந்தால் பலமுறை நுழையும் விசா வேண்டும். பிரேயஸில் தொடங்கி, தீவுகளை முடித்து, கடைசியில் குஷாதாசி, அடுத்து இஸ்தான்புல் என்று ஒரே திசையில் போகிற கப்பல் கிடைத்தால் இரண்டு நாட்டிலும் ஒரே ஒரு நுழைவோடு முடியும்.

கிழமை. தோப்காபி செவ்வாய் விடுமுறை. டோல்மாபாச்சே அரண்மனை திங்கள் விடுமுறை. பெரிய பஜார் ஞாயிறு கிடையாது. உங்களுக்குக் கிடைக்கிற இரண்டு மூன்று நாட்கள் எந்தக் கிழமைகளில் விழுகின்றன என்பதை வைத்தே சில சமயம் திசையை முடிவு செய்யலாம்.

விமானம். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக எடுக்காமல் மல்ட்டி சிட்டி என்று ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.

நீலவாசல்:

மூவருக்கும் நன்றி. வெளிச்சம் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்: இஸ்தான்புல்லில் ஏறினால் மாலை 5 மணிக்குப் புறப்பாடு, இஸ்தான்புல்லில் முடித்தால் காலை 7 மணிக்கு வருகை. குஷாதாசியும் பெட்டிரெடி சொன்னபடி கடைசித் துறைமுகமாகத்தான் வருகிறது. வந்து சேருகிற நாள் வெள்ளி.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்த ஒரு நாள்தான். ஏதென்ஸில் இரண்டாம் நாள் ஓய்வை விட்டுவிட்டு, முதல் நாள் போய் மறுநாளே கப்பல் ஏறினால் என்ன?

நங்கூரம்:

ஒரு இரவு இடைவெளி கணக்குக்குச் சரி. ஆனால் நடுவில் வேறு ஊரில் விமானம் மாறினால் நான் துணியமாட்டேன். நேர் விமானமோ, காலையிலேயே ஏதென்ஸ் சேருகிற விமானமோ என்றால் போகலாம். அப்படிச் செய்தால் இஸ்தான்புல்லில் மூன்று முழு நாள் கிடைக்கும், என் வாதத்தில் பாதி அடிபட்டுவிடும். இஸ்தான்புல்லில் தொடங்கச் சொன்னதே அந்த ஒரு நாளுக்காகத்தான். அது கிடைத்துவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ நேராகவே போகிறது. 2022-இல் நீலப் பாதையைத் துறைமுகம் வரை நீட்டிவிட்டார்கள், ஏறினால் ஒரு மணி நேரம். முதல் இரவை பிரேயஸிலேயே தங்கிவிட்டால் மறுநாள் அம்மா அலைய வேண்டாம்.

கிழக்குக்காற்று:

வெள்ளி வருகை என்பது நல்லது, தோப்காபி திறந்திருக்கும். ஹாகியா சோபியாவை மட்டும் அன்று மதியம் வைக்காதீர்கள், ஜும்மா தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஞாயிறுக்குள் பஜாரை முடித்துவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து ஹாகியா சோபியாவில் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்குக் கட்டணம் உண்டு, மேல்மாடம் மட்டும்தான். அங்கே ஏறுகிற சரிவுப் பாதை கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிமானமான செருப்பு தேவை.

பெட்டி எடுத்துவைப்பது எப்படி என்றும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். கடைசி இரவு பெரிய பெட்டியைச் சீட்டு ஒட்டி கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில்தான் திரும்பப் பார்ப்பீர்கள். மாற்றுத்துணி, மருந்து, பாஸ்போர்ட் இவற்றோடு அம்மாவின் சால்வையும் கைப்பையில் இருக்கட்டும். மே மாதமானாலும் விடியற்காலை டெக்கில் காற்று நன்றாகவே அடிக்கும்.

இன்னொன்று, இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. அட்டவணையில் இருக்கிற 7 மணி கப்பலைக் கரையில் கட்டுகிற நேரம். நீல மசூதி முன்னால் போவது அதற்கு முன்பே நடந்துவிடும். முந்தின இரவு வரவேற்பு மேசையில் "பைலட் எத்தனை மணிக்கு ஏறுகிறார்?" என்று கேட்டுவையுங்கள்; துறைமுகத்துக்குள் வழிகாட்டக் கப்பலில் ஏறுகிறவர்தான் பைலட். அதை வைத்து எப்போது மேலே போக வேண்டும் என்று கணக்கிடலாம். கேட்க முடியாவிட்டால் ஐந்தரைக்கெல்லாம் மேல்தளத்தில் இருங்கள். இதற்காக இடது பக்க பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். திறந்த டெக்கில், முன்பக்கம், இடது கைப்பிடி ஓரமாக நின்றால் போதும், அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுங்கள்.

கப்பல் கலாட்டாபோர்ட் முனையத்தில் நின்றால் டிராம் நிறுத்தம் நடக்கிற தூரம்தான், தோப்ஹானே. பாலத்தைத் தாண்டினால் எமினோனு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வீடு போகிற கூட்டம் அதிகம் இருக்கும், வெளிப் பெஞ்சுக்குப் போட்டி. அம்மாவோடு போகிற படகுக்குச் சனிக்கிழமை நல்லது.