பள்ளிக்கூடத்து மஞ்சள் உப்புமா சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நெல்லிக்குப்பம்:
மூன்றாம் வகுப்பு, 1973. கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் தந்த உப்புமாவின் எண்ணெய் வாடையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போகாத தங்கை இருந்தாள். அவளுக்கென்று ஒரு பிடி எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மதியம் கணக்குப் பாடத்தில் எண்ணெய் ஊறி, தொடைப் பக்கம் திட்டாக இறங்கிவிட்டது. வாத்தியார் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். பலப்பத் துண்டும் நூலும் ஒட்டிக்கொண்டு ஓர் உருண்டை வந்தது. அடிக்கவில்லை. "ஆயாகிட்ட கேட்டிருந்தா இலையில கட்டிக் குடுத்திருக்குமேடா" என்றார். அடித்திருக்கலாம்.

பாகூர்:
உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உப்புமா தர்மம் இல்லீங்க. அமெரிக்காவில் விளைந்து மிஞ்சிய தானியம். 1954-ல் பி.எல். 480 என்று சட்டம் போட்டு வெளியே தள்ளினார்கள், நாம் ரூபாய் கொடுத்து வாங்கினோம். 1965, 66 வறட்சியில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதை அப்பா சாகும்வரை சொல்லித் திட்டினார். என் பங்குக்கு ஒன்றுதான்: ரேஷன் கோதுமையை அம்மா அரிசி மாதிரி வடித்து வைத்தாள். நாங்கள் யாரும் தொடவில்லை, மாடு தின்றது.

வடலூர் பக்கம்:
பாகூர் அண்ணா, ரூபாய்க்கு வந்த கோதுமை வேறு, பள்ளிக்கூடத்துக்கு வந்தது வேறு. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவுக்கு 1961-லிருந்து கேர் கொடுத்தது இலவசம். ரெண்டையும் ஒரே சட்டியில் போடாதீங்க.

சரி, என் கதை. 1974 ரோம் உணவு மாநாட்டில், பத்தே வருஷத்தில் எந்தக் குழந்தையும் பசியோடு படுக்காது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் பேசினார். (எங்கள் வடலூரில் வள்ளலார் 1867-லேயே அடுப்பு மூட்டிவிட்டார், அது வேறு விஷயம்.) அந்த மாநாட்டின் பலனாக 1977-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் வந்தது. பெட்ரோல் நாடுகளும் பணம் போட்டன. அதன் கடனில் 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்து, அப்புறம் எங்கள் தென்னார்க்காட்டுக்கும் வந்தன. எங்கள் ஊர்க் குழுவை முன்னின்று நடத்துகிற ஊக்குநர் அம்மாதான்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து பார்வையிட வந்தார்கள். வேப்பமரத்தடியில் பாய். வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டார். "இப்ப என்ன மாறியிருக்குன்னு கேக்குறாங்க" என்றாள் மொழிபெயர்த்த பெண். அம்மா யோசித்துச் சொன்னாள்: "முன்ன வட்டிக்காரன் எங்க வாசல்ல நிப்பான். இப்ப நாங்க பேங்க் வாசல்ல நிக்கிறோம். உள்ள கூப்பிட்டு உக்காரச் சொல்ல மாட்டேங்குறாங்க."

மொழிபெயர்ப்பு நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. வெள்ளைக்கார அம்மா பெரிதாகச் சிரித்து, கை தட்டி, நோட்டில் எழுதிக்கொண்டார். அம்மாவும் சிரித்தாள். அந்த நாலு வார்த்தை என்னவாக இருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தேவனாம்பட்டினம்:
சுனாமிக்கு அப்புறம் எங்கள் குழுவுக்கு மீன் விற்க ஐஸ் பெட்டி வந்தது. ஒரு பெட்டிக்கு மூடி இல்லை. அவ்வளவுதான் என் கதை.

வடலூர் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். தீர்மான நோட்டை ஒருத்தர் வீட்டிலேயே வைக்க விடாதீங்க, மாதம் ஒருத்தர் என்று மாற்றுங்க. பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிங்க. குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்கு உள்கடன் கொடுத்தால் ரெண்டு பேர் கையெழுத்து வேண்டும், பென்சில் கூடவே கூடாது. மாற்றி மாற்றிக் கடன் கொடுக்க வைத்திருக்கிற சுழல் நிதியைப் பங்கு போட்டுப் பிரிக்கிற பேச்சே எடுக்காதீங்க. முக்கியமாக, வாராவாரம் வசூலுக்கு வருகிற கம்பெனிக் கடனை வாங்கிக் குழுக் கடனை அடைக்கிற வேலை வேண்டாம். எங்கள் தெருவில் மூன்று குடும்பம் அப்படித்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனது. பேங்க்கில் உட்கார வைக்காவிட்டால் நாலு பேராகப் போங்க, தனியாகப் போகாதீங்க.

வடலூர் பக்கம்:
அக்கா, அம்மாவின் குழு கலைந்து பல வருஷம் ஆயிற்று. நோட்டு மட்டும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. பாதி பக்கம் பென்சில்தான்.