மறு: நீர்க்கசிவு உணரியா, நீருணரியா?

அன்பு நண்பர்களே,

வணக்கம். தண்ணீர் பட்டால் ஒலியெழுப்பி, தொலைபேசிச் செயலிக்கும் செய்தி அனுப்பும் அந்தச் சிறிய வட்டக் கருவிக்கு, அந்தச் செயலியின் தமிழாக்கத்தில் என்ன பெயர் வைப்பது என்று நம் குழுவில் பத்து நாட்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள்: நீர்க்கசிவு உணரி, கசிவறிவி, ஒழுக்குணரி, பொசிவுணரி, ஈர உணரி. பெரும்பாலானவர்கள் முதலாவதை ஏற்றுக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்கிறீர்கள். முதல் சுற்றில் நானும் அதற்குத்தான் கைதூக்கினேன். இப்போது என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இது. மடிப்பாக்கத்தில் முதல் தளத்தில் இருக்கிறோம். சமையலறை சிங்குக்குக் கீழே உள்ள அலமாரியில், குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் கால் அங்குல வெள்ளைக் குழல் இணைப்பு தளர்ந்துவிட்டது. கருவி அதே அலமாரியில்தான் இருந்தது, கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி முன்பக்கத்தில். தண்ணீர் குழலைப் பற்றிக்கொண்டே இறங்கிச் சுவரை அடைந்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் இருந்த மயிரிழை விரிசல் வழியாகக் கீழே போய்விட்டது. கருவி இருந்த இடம் காய்ந்தே இருந்தது. மறுநாள் காலையில் கீழ்வீட்டுப் பெரியவர் வந்து கூப்பிட்டார். அவர் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஒரு முறம் அகலத்துக்கு ஓதம் படர்ந்து, நடுவில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அந்த நேரத்தில் என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். திரையில் நம் தமிழாக்கம்தான் இருந்தது: "சமையலறை: கசிவு இல்லை."

அந்த இரண்டு சொற்களை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அம்மா கேட்டார்: "கசிவைக் கண்டுபிடிக்கும் என்றுதானே வாங்கி வைத்தாய்? கீழ்வீட்டுக்காரர் அல்லவா கண்டுபிடித்தார்?" பழுது பார்க்க வந்த குழாய்க்காரர் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தண்ணீர் பட்டால் கத்துவதுதானே சார்? தண்ணீர் அந்தப் பக்கம் போனால் இது என்ன செய்யும்?" என்றார். நாம் பத்து நாட்களாகத் தேடிய வரையறையை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கருவியின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டோ நான்கோ சிறு உலோக முனைகள் இருக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே நீர் வந்து நின்றால், நீரில் கரைந்த உப்புகள் மின்னோட்டத்தைக் கடத்தும். மின்தடை சட்டென்று குறையும். கருவி அதை எச்சரிக்கையாக அனுப்பும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். குழாய் உடைந்ததா, அம்மா பாத்திரம் கழுவும்போது சிந்தியதா, தரை துடைத்த துணியிலிருந்து வடிந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கசிவு என்பது குழாயிலோ தொட்டியிலோ நிகழ்வது. "குழாய் கசிகிறது" என்கிறோம். "தரை கசிகிறது" என்றால் பொருளே வேறு, தரையின் அடியிலிருந்து நீர் ஊறுகிறது என்று ஆகும். கருவி குழாயில் இல்லை, தரையில் இருக்கிறது. கசிவை அது பார்ப்பதே இல்லை; கசிந்த நீர் தன்னை வந்து தொட்டால் சொல்கிறது.

தமிழில் இந்த வேறுபாடுகளுக்குச் சொற்பஞ்சம் இல்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம். கூரை ஒழுகும். குழாய் சொட்டும். மண்பானை கசியும். வாய்க்கால் நீர் கரையைத் தாண்டிப் பக்கத்துப் புல்லுக்குப் பொசியும். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிவதை மூதுரையில் படித்திருக்கிறோம். சுவரில் ஏறினால் ஓதம். இந்தச் சொல்லைக் கொத்தனார்கள் இன்றும் நாள்தோறும் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நீர் போகும் வேகமும் வழியும் வேறு. இத்தனை வினைச்சொற்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கசிவு என்ற ஒரே கூடையில் போடுவது, ஆங்கிலத்தில் "லீக்" என்று அப்படி ஒரு கூடை இருக்கிறது என்பதற்காக மட்டும்தான்.

ஆங்கிலத்திலும் எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. வீட்டுக் கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் முறைகளில் ஒன்றான ஜிக்பீயின் தரவரையறையில் இந்தக் கருவி வெறுமனே "நீர் உணரி" என்ற வகையில்தான் வருகிறது. இத்தகைய கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் இதன் வகை "ஈரம்". நிலைகள் இரண்டு, நனைந்தது, உலர்ந்தது. அங்கே கசிவு என்ற பேச்சே இல்லை. மறுபக்கம், பல நிறுவனங்களின் வீட்டுக் கருவிகளுக்கும் பொதுவான மேட்டர் தரவரையறை, 2024 மே மாதம் வெளிவந்த 1.3 பதிப்பில், இதை நீர்க்கசிவு கண்டறிவி என்கிறது. நம் அம்பத்தூர் நண்பர் சுட்டிக்காட்டியது சரிதான். ஆனால் தரவரையறைகளே இரண்டு விதமாகச் சொல்லும்போது, எது நம் வீட்டில் நடப்பதோடு பொருந்துகிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

என் பரிந்துரை நீருணரி. நீர் + உணரி. உணரி, உணர்வி, உணர்கருவி மூன்றும் புழங்கினாலும் இந்தக் குழுவில் உணரியை முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டோம். நான்கே எழுத்து. கைப்பேசித் திரையில் ஒரு வரிக்குள் அடங்கும், "சமையலறை நீருணரி" என்று இடப்பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றப் பரிந்துரைகளை ஏன் விட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒழுக்குணரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது, உண்மையான வீட்டுச் சொல்லிலிருந்து வருவதால். ஆனால் மூன்று பேரிடம் எழுதிக் காட்டினேன். மூவரும் ஒழுக்கம் என்ற பொருளையே முதலில் எடுத்துக்கொண்டார்கள். பொசிவுணரி அழகான சொல், தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்களுக்கு வேண்டுமானால் எடுத்து வைப்போம். ஈர உணரியை வைத்தால் காற்றின் ஈரப்பத உணரி, மண் ஈரப்பத உணரி ஆகிய இரண்டோடும் குழம்பும். சென்னையில் கடற்காற்று வீசும் மாலையில் தொட்ட இடமெல்லாம் பிசுபிசுக்கிறது. ஈர உணரி என்றால் அது நாள் முழுதும் கத்த வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்ப்பதில் தவறில்லை. கசிவறிவியில் மறுபடியும் அதே கசிவு.

"நீருணரி என்றால் மேல்தொட்டியில் நீர் நிரம்பியதைச் சொல்லும் கருவி என்று நினைப்பார்களே" என்று தாம்பரத்து அம்மையார் எழுதியிருந்தார். நியாயமான ஐயம், சென்னையில் பல வீடுகளில் அது இருக்கிறது. ஆனால் அதற்கு நீர்மட்ட உணரி என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மட்டம் என்ற சொல் அங்கே வேலையைச் சரியாகச் செய்கிறது.

கசிவு என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு உரிய கருவி வேறு இருக்கிறது. குழாயிலேயே பொருத்தி, நீரோட்டத்தை அளந்து, யாரும் குழாயைத் திறக்காத நள்ளிரவிலும் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று கணித்து, மோட்டார் வால்வைத் தானே மூடிவிடும் கருவி அது. கசிவை ஊகித்து அறிவது அதுதான். அதற்குக் குழாய்க் கசிவுணரி என்று வைக்கலாம். கசிவு + உணரி என்பதைக் கசிவுணரி என்று சேர்த்து எழுதுவது சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். முற்றியலுகரமும் சில இடங்களில் உயிர் வரும்போது கெடும் என்கிறது நன்னூல். அறிவு + உடைமை அறிவுடைமை ஆவதுபோல.

இந்த இரண்டு பெயர்களும் பிரிந்து நின்றால் வாங்குபவருக்கும் நன்மை என்று நினைக்கிறேன். வெளிநாட்டுப் பரிந்துரைகளைப் படித்துவிட்டுக் குழாய்க் கசிவுணரி வாங்குபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். அங்கே வீட்டுக்குள் நுழையும் நீர்க்குழாய் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் ஒரு கருவியைப் பொருத்தினால் வீடு முழுவதும் கண்காணிப்பில் வந்துவிடும். நம் அடுக்குமாடிகளில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்குகின்றன. எங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று. இங்கே முதலில் வேண்டியது தரையில் வைக்கும் நீருணரிகள்தான், அதுவும் ஒன்றுக்கு மேல்.

வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது செய்வது இது. சிங்குக்குக் கீழே, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், கெய்சருக்கு நேர் கீழே என்று ஒவ்வொரு இடத்திலும் சுவரோரமாக ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறேன். நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். கருவி அங்கேதான். எங்கள் சிங்க் அலமாரியில் அந்த இடம் நான் முன்பு வைத்திருந்த இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, பின்மூலையில் இருந்தது. அந்த மூலையில் வட்டக் கருவி உட்காராது. அதனால் கயிறு வகையை வாங்கினேன்: நீரை உறிஞ்சும் நூலோடு முறுக்கிய இரண்டு கம்பிகள், நீளத்தில் எந்த இடத்தில் நனைந்தாலும் சொல்லும். இதற்குக் கயிற்று நீருணரி என்று எழுதியிருக்கிறேன். கயிற்றைக் குறிக்கும் வடம் என்ற சொல்லை வைத்து வட நீருணரி என்றால் வடக்குத் திசை நினைவுக்கு வருகிறது.

வேறு சில செய்திகள், சொல்லாக்கத்துக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும். வைஃபை கருவிகள் மின்கலத்தை விரைவில் தின்றுவிடுகின்றன. ஜிக்பீ கருவிகள் ஒரு நாணய மின்கலத்தில் நீண்ட நாள் ஓடும். ஆனால் மின்கலத்தில் ஓடும் கருவி மற்றொன்றின் செய்தியைக் கடத்தாது, இடையில் வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ செருகி (ஸ்மார்ட் பிளக்) ஏதாவது இருக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் மோடமும், உணரிகளின் செய்திகளைத் திரட்டும் மையக் கருவியும் அணைந்துபோகும். ஆகையால் தானே வாய்விட்டு அலறும் ஒலிப்பான் உள்ளதையே வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஒருமுறை பட்டுக் காய்ந்தால் முனைகளுக்கு இடையே வெண்பொருக்கு படிந்துவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு வீணாகக் கத்தவைக்கும். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஈரத்துணியால் மறுபடி துடைத்துக் காயவைத்தால் போதும்.

இதற்கு நேர்மாறானது ஏசியிலிருந்து வடியும் நீர். காற்றிலிருந்து குளிர்ந்து வருவதால் அதில் உப்பு மிகக் குறைவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. ஒரு கிண்ணத்தில் பிடித்து வந்து என்னிடம் இருந்த இரண்டு வட்டக் கருவிகளையும் அதில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கத்தியது. விலை குறைந்த மற்றொன்று அசையவே இல்லை. அதையே எடுத்துக் குழாய்நீரில் வைத்தவுடன் கத்தியது. ஏசிக்குக் கீழே வைக்க வாங்குபவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நீர் உணரும் கருவி என்ற பெயரும் இங்கே முழுப்பொருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். கசிவு என்பதைவிட அது உண்மைக்கு நெருக்கம்.

தமிழாக்கக் கோப்பில் நான் முன்வைக்கும் திருத்தங்கள் இவை. கருவியின் பெயர் நீருணரி. எச்சரிக்கை வரி, இப்போது "கசிவு கண்டறியப்பட்டது" என்று இருப்பது, "இங்கே நீர் பட்டிருக்கிறது" என்று மாறட்டும். அதைப் படிப்பவர் உடனே எழுந்து போய்த் தரையைப் பார்ப்பார். "கசிவு இல்லை" என்ற வரியை இன்றே நீக்கிவிட வேண்டும். அதற்குப் பதில் "உலர்ந்திருக்கிறது". அது கருவி இருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கீழ்வீட்டுக் கூரையைப் பற்றி எதுவும் உறுதி கூறவில்லை. வால்வு வால்வாகவே இருக்கட்டும், அடைப்பிதழ் வேண்டாம். குழாய்க்காரரிடம் தொலைபேசியில் சொன்னால் அவருக்கு உடனே புரிய வேண்டும்.

புதிய வரிகளை நேற்று என் தொலைபேசியில் மட்டும் மாற்றி, அம்மாவிடம் கொடுத்தேன். "சமையலறை நீருணரி: உலர்ந்திருக்கிறது" என்று படித்தார். "சரி, அந்த மூலை காய்ந்திருக்கிறது. குளியலறையில் எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். குளியலறையில் இன்னும் வைக்கவில்லை.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். முனை என்பதை மின்முனை என்று விரித்து எழுத வேண்டுமா என்பதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். உதவிப் பக்கத்தில் அது ஆறு இடங்களில் வருகிறது.

அன்புடன்,
மடிப்பாக்கத்திலிருந்து