பத்தாயிரம் பவுண்டும் பாட்டி பிறந்த ஊரும்

மணிமாறன்:
இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கிய போர்க்கைதிகளுக்கும், முகாம்களில் அடைபட்ட பொதுமக்களுக்கும் தலா 10,000 பவுண்டு தருவதாகப் பிரிட்டிஷ் அரசு 2000 நவம்பரில் அறிவித்தது. எட்டு மாதம் கழித்து, பொதுமக்கள் என்றால் தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சொருகியது. இது நியாயமா?

கணக்கன்:
நியாயம்தான். அது கடன் இல்லை, அரசாக மனமுவந்து கொடுத்த தொகை. அன்றைக்கு சாம்ராஜ்யம் முழுக்கப் பிரிட்டிஷ் பிரஜைதான். வரிப்பணம் தாங்குமா?

மணிமாறன்:
சாம்ராஜ்யம் முழுவதையும் ஜப்பான் முகாமில் அடைக்கவில்லையே சார். டயானா எலியாஸ் வழக்கைப் பாருங்கள். ஹாங்காங்கில் பிறந்தவர், குடும்பத்தின் வேர் ஈராக்கிலும் இந்தியாவிலும். பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால்தான் ஜப்பானியர் அவர்களை அங்கிருந்த ஸ்டான்லி முகாமில் போட்டார்கள். உள்ளே தள்ளியபோது யாரும் பாட்டி பிறந்த ஊரைக் கேட்கவில்லை. இது மறைமுக இனப் பாகுபாடு என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கணக்கன்:
கோடு எங்கே போட்டாலும் யாராவது வெளியே நிற்கத்தான் செய்வார். அதே 2006இல், பிரிட்டனில் 20 ஆண்டு வாழ்ந்தவர்களையும் சேர்த்தார்களே! கொடுக்க வேண்டியவன் ஜப்பான்காரன். அவனை விட்டுவிட்டு இவர்களைப் பிடித்து உலுக்குகிறீர்கள்.

மணிமாறன்:
ஜப்பானை விட்டது யார்? ஜப்பானோடு செய்த 1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையில் தன் மக்களின் இழப்பீட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டதே பிரிட்டன்தான். அதன் வழியாகப் போர்க்கைதிக்குக் கிடைத்தது சுமார் 76 பவுண்டு. முகாமில் கிடந்தவருக்கு அதுவும் இல்லை, 48 சொச்சம்.

ஈப்போ செல்வி:
நீங்கள் இருவரும் முகாமையே பேசுகிறீர்கள். என் தாத்தாவின் அண்ணனை, மலேசியாவின் பேரா மாநிலத் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் 'சயாமுக்குப் போனவர்' என்றுதான் சொல்வோம், பேரைச் சொல்வதில்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அதே பாதையில் வேலை செய்து உயிரோடிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளுக்கு அவர்கள் அரசு 2001இல் 25,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. எங்கள் ஆட்கள் வெறும் கூலிகள். போர்க்கைதியும் இல்லை, முகாம்வாசியும் இல்லை.

கணக்கன்:
வருத்தம்தான் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கணக்கு. அதை யார் தீர்ப்பது? பிரிட்டனா, ஜப்பானா, மலேசியாவா?

ஈப்போ செல்வி:
ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் தோட்டத்தை விட்டு ஓடினார்கள். எங்கள் ஆட்களை யார் பொறுப்பில் விட்டுப்போனார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள், அப்புறம் கணக்குப் பார்க்கலாம்.