மறு: ‘கோர்சிகன் ட்ராப்’ – ‘ஊர்ந்தெழு பொறி’ எனலாமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நம் அரங்கியல் சொற்பட்டியலில், ஓர் உருவம் மேடைத் தளத்துக்கு அடியிலிருந்து நகர்ந்துகொண்டே மேலெழுவதாகக் காட்டும் பழைய மேடைக் கருவியான ‘கோர்சிகன் ட்ராப்’ என்னும் பதிவுக்கு இதுவரை ‘பேய்ச்சறுக்கு’, ‘கோர்சிகக் கண்ணி’, ‘கோர்சிகப் பொறி’, ‘மாயக்கதவு’ என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. என் பரிந்துரை ‘ஊர்ந்தெழு பொறி’. காரணங்களைச் சொல்லும் முன், அந்தக் கருவி எந்த நாடகத்துக்காகச் செய்யப்பட்டது, மேடையில் அது என்ன வேலை பார்த்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வந்த மடல்களில் சில, கருவியைப் பாராமல் அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்து எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துய்மா 1844இல் எழுதிய ‘கோர்சிகச் சகோதரர்கள்’ என்ற குறுநாவலை எழேன் கிராஞ்சே, சவியே த மோந்தெப்பான் இருவரும் நாடகமாக்கினார்கள். 1850 ஆகஸ்டில் பாரிசின் தெயாத்ர் இஸ்தொரிக் அரங்கில் அது மேடையேறியது. துய்மா தம் நாடகங்களுக்காகவே 1847இல் தொடங்கிய அரங்கு அது. இந்த நாடகம் வந்த ஆண்டு முடிவதற்குள் கடனில் மூழ்கி மூடப்பட்டது. இரட்டையர் இருவராகவும் நடித்தவர் ஷார்ல் ஃபெக்தர். ஃபாபியன் கோர்சிகத் தீவில் தாயோடு இருக்கிறான். லூயி பாரிசில் இருக்கிறான். ஒருவனுக்கு நேரும் துன்பம் தொலைவில் இருக்கும் மற்றவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கப் போன லூயி, ஷத்தோ ரெனோ என்பவனோடு வாட்போர் புரிந்து ஃபொந்தென்புளோ காட்டில் மாண்டுபோகிறான். ஃபாபியன் அங்கு வந்து பழி தீர்க்கிறான். கதை இவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லிய முறைதான் நாடகத்தை வாழவைத்தது. முதல் அங்கம் கோர்சிகாவிலும் இரண்டாம் அங்கம் பாரிசிலும் நடந்தாலும், இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்பவை. முதல் அங்கத்தின் முடிவில் கோர்சிகாவிலிருந்து நாம் காணும் சாவைத்தான் இரண்டாம் அங்கம் தொடக்கத்திலிருந்து நடத்திக் காட்டி, அதே நொடியில் வந்து முடிகிறது.

அயர்லாந்துக்காரரான டயன் பூசிகோ இதை ஆங்கிலத்தில் தழுவி எழுத, 1852 பிப்ரவரி 24 அன்று லண்டன் பிரின்சஸ் அரங்கில் சார்லஸ் கீன் இரட்டையராக நடித்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை வரலாற்று நுணுக்கத்தோடு மேடையேற்றுவதில் பெயர்பெற்றிருந்த கீனுக்கு, இந்த மெலோட்ராமா (உணர்ச்சியை மிகைப்படுத்தும் நாடகம்) கல்லாவையும் நிரப்பியது. விக்டோரியா அரசி பலமுறை வந்து பார்த்தார். நமக்கு வேண்டிய கருவி இந்த லண்டன் மேடையில்தான் புகழ்பெற்றது. கோர்சிகத் தீவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு நாடகத்தின் தலைப்பு வழியாக வந்தது மட்டுமே.

முதல் அங்கத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். இரவு. ஃபாபியன் மேசையருகே அமர்ந்து பாரிசிலிருக்கும் உடன்பிறந்தவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். லூயியின் உருவம், மார்பில் இரத்தக் கறை படிந்த சட்டையோடு, மேடைத் தளத்திலிருந்து மெல்ல மேலே வருகிறது. முதலில் தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு. அப்படி எழும்போதே அது ஓரிடத்தில் நில்லாமல் மேடையின் குறுக்கே நகர்ந்தும் வருகிறது. காலடி எடுத்து வைப்பதில்லை. முழு உருவமும் தெரியும்போது அது ஃபாபியனை நெருங்கிவிட்டிருக்கிறது. அவன் தோளில் கை வைக்கிறது. அடுத்து, பின்சுவர் விலகி, ஃபொந்தென்புளோ காட்டில் லூயி வீழ்ந்து கிடக்கும் காட்சி தெரிகிறது. இவ்வளவுக்கும் அடியில் ராபர்ட் ஸ்டோபெல் அமைத்த ‘ஆவி இசை’ ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த மெட்டு நாடகத்தைவிடப் பரவலாக வீடுகளுக்குள் போனது. சக்கரங்களின் ஓசையை மூடவும் அது உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

இனிக் கருவி. மேடைக்கு அடியில், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத் தாழ்விலிருந்து மேடை மட்டம் வரை, சரிவாக ஏறும் தண்டவாளம் இருக்கும். அதன் மேல் சக்கரம் வைத்த சிறு வண்டி. நடிகர் அதில் அசையாமல் நிற்க, வண்டியைக் கயிற்றால் இழுப்பார்கள். வண்டி ஏற ஏற நடிகரும் நகர்ந்துகொண்டே உயர்வார். ஆனால் அவர் நகரும் பாதை முழுவதும் தளம் திறந்து கிடந்தால் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் அந்தப் பாதையில் பலகைக்குப் பதிலாக, துணியின் மேல் மெல்லிய மரப்பட்டைகளை நெருக்கமாக ஒட்டிய ஒரு நெகிழ்தளம் பொருத்தப்பட்டிருக்கும். நம் கடைகளின் ஷட்டர் படுத்துக் கிடப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அதன் நடுவில் நடிகரின் உடல் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு திறப்பு. நடிகர் நகரும் வேகத்தில் திறப்பும் கூடவே நகரும். முன்னால் உள்ள பட்டைகள் சுருண்டு ஒதுங்க, பின்னால் உள்ளவை விரிந்து மூடும். திறப்பின் விளிம்பில் தூரிகை மயிரை வைத்துத் தளத்தின் நிறத்தைப் பூசிவிடுவார்கள். எரிவாயு விளக்கொளியில், திறப்பு இருந்த சுவடே தெரியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘கண்ணி’ பொருந்தாது. மேடைத் தளத்தில் திறக்கும் கதவைத்தான் அங்கே ‘ட்ராப்’ என்கிறார்கள். விலங்கு பிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘மாயக்கதவு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தளக்கதவுகள் எல்லாவற்றுக்கும் பொருந்துமாதலால் இதை மட்டும் சுட்டாது. ‘பேய்ச்சறுக்கு’ என்பதை முன்மொழிந்த அம்மா, ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் இன்னொரு பெயரைப் பின்பற்றியிருக்கிறார்கள். எனினும் தமிழில் சறுக்குவது பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். இங்கே உருவம் ஏறுகிறது. பிள்ளைகள் பூங்காவில் சறுக்குமரம் ஏறிய எவருக்கும் அந்தச் சொல் வேறு காட்சியைத்தான் தரும். ‘கோர்சிகப் பொறி’யில் பாதியை ஏற்கிறேன். ‘பொறி’ மிகச் சரி. ‘எலிப்பொறி’யில் உள்ள பிடிக்கும் பொருளும், சிந்தாமணியின் ‘மயிற்பொறி’யில் உள்ள இயந்திரப் பொருளும் ஒரே சொல்லில் கிடைப்பதால், ஆங்கிலச் சொல்லை நினைத்து வருபவரும் வழி தவற மாட்டார். ஊர்ப்பெயர் முன்னொட்டுத்தான் உறுத்துகிறது. கோர்சிகாவில் செய்தது என்ற தவறான எண்ணத்தை அது விதைக்கும். எப்படி இயங்குகிறது என்பதையும் சொல்லாது.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள மாதிரி, வரும் விதத்தால் பெயரிடுவது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூன்று திரைகளுக்கு ‘ஒருமுக எழினி’, ‘பொருமுக எழினி’, ‘கரந்துவரல் எழினி’ என்று பெயர். மூன்றாவதில் ‘கரந்துவரல்’ என்ற வினையே அடைமொழியாக நிற்கிறது. ‘ஊர்ந்தெழு பொறி’ அதே வார்ப்புத்தான். (இடையில் ஒன்று: அந்தக் காதை சொல்லும் அரங்கின் உயரம் ஒருகோல், கோல் என்பது இருபத்துநான்கு விரல். அதன் அடியில் ஆள் நிற்கவே முடியாது. ஆகவே இந்தக் கருவிக்குப் பழைய பெயர் எதுவும் ஏடுகளில் கிடைக்குமா என்று தேடுபவர்கள் சிரமப்பட வேண்டாம்.)

‘ஊர்தல் எறும்புக்கும் நத்தைக்கும் உரியது, ஆவிக்கு ஆகுமா?’ என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். ஊர்தலுக்கு ஏறிச் செல்லுதல் என்ற பொருளும் உண்டு. ‘ஊர்தி’ அதிலிருந்து வந்ததுதான். பார்வையாளரின் கண்ணுக்கு உருவம் மெல்ல ஊர்கிறது. தளத்துக்கு அடியில் நடிகர் வண்டியை ஊர்கிறார். மேலே தெரிவது, கீழே நடப்பது இரண்டையும் ஒரே வினை சொல்லிவிடுவதால்தான் ‘நகர்ந்தெழு’ என்பதைவிட இதைத் தேர்ந்தேன்.

இந்த முறையின் மற்றொரு பயன், பட்டியலில் அடுத்து வரும் பதிவுகளுக்கும் வழி கிடைப்பது. ‘வேம்பயர் ட்ராப்’ என்பதும் இப்படிப் பிரெஞ்சு மெலோட்ராமாவின் தழுவல் வழியாக வந்த பெயர்தான்: 1820இல் பாரிசின் போர்த் சேன் மர்த்தேன் அரங்கில் வந்த நாடகத்தை அதே ஆண்டிலேயே லண்டனில் பிளாஞ்சே தழுவினார், அதில் நடிகர் திடீரென மறைவதற்காக, உடல் அழுத்தினால் திறந்து உடனே மூடிக்கொள்ளும் வில்மடல்கள் வைத்த கதவு பயன்பட்டது. அதை ‘ஊடுபுகு பொறி’ எனலாம். விண்மீன் வடிவில் வெட்டிய மடல்களின் வழியே நடிகரை விசையோடு மேலே எறியும் ‘ஸ்டார் ட்ராப்’ என்பதைப் ‘பாய்ந்தெழு பொறி’ எனலாம். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் புதைகுழிக்குப் பயன்படுவதைக் ‘குழிப்பொறி’ என்றால் போதும்.

‘நூறாண்டுக்கு முன் வழக்கொழிந்த கருவிக்குச் சொல் எதற்கு?’ என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. நடிகர் ஹென்றி எர்விங் 1880இல் லண்டன் லைசியம் அரங்கில் இந்த நாடகத்தைப் பெரும் பொருட்செலவில் மீண்டும் நடத்தினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1852இலேயே, ‘ஓ ஜெமினி’ என்ற பெயரில் ஹேமார்க்கெட் அரங்கில் இதைக் கேலிசெய்து ஒரு நாடகம் வந்துவிட்டது. அந்தப் பெயரைப் படிக்கும் தமிழர் புன்னகைக்காமல் இருக்க முடியாது. ஏனென்றால் அதே கதை, 1941இல் வந்த ஹாலிவுட் படத்தின் வழியாக, 1949இல் எம்.கே. ராதாவும் பானுமதியும் நடித்த ‘அபூர்வ சகோதரர்கள்’ ஆக வந்தது நம் ஜெமினி ஸ்டுடியோவிலிருந்துதான். 1971இல் எம்.ஜி.ஆரின் ‘நீரும் நெருப்பும்’ அதன் மறுவடிவம். (1989இல் வந்த கமல் படத்துக்கும் இதற்கும் தலைப்பு மட்டுமே பொது.) சினிமாவுக்கு வந்ததும் ஆவி கழன்றுகொண்டது, ஒருவன் அடிபட்டால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதும் இரட்டை வேடமும் நிலைத்தன. ஒரே ஆளை இருவராகக் காட்டும் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்ட பின் மேடைப் பொறிக்கு அங்கே இடமில்லை. இந்த மாற்றத்தைத் தமிழில் எழுதப்போகும் திரைப்பட ஆய்வாளருக்கு, மேடையில் முன்பு இருந்தது என்ன என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். ‘தந்திரக் காட்சி’ என்ற கம்பெனி நாடக வழக்கு அந்த விளைவுக்குப் பெயர், கருவிக்கு அன்று.

ஆகவே முதன்மைச் சொல்லாக ‘ஊர்ந்தெழு பொறி’யையும், தேடுபவர் வசதிக்காக மாற்றுச் சொல்லாகக் ‘கோர்சிகப் பொறி’யையும் பதியலாம் என்பது என் முன்மொழிவு. நெகிழ்தளத்துக்கு ‘பட்டைச்சுருள்’ என்று தற்காலிகமாகக் குறித்துள்ளேன்; அது சுருளும் பொருளைச் சொல்கிறதே தவிர, மேல் நடக்கும் தளம் என்பதைச் சொல்லவில்லை. நாடகக் கம்பெனிகளில் மேடை கட்டிய தச்சர்களோடு பழகியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். மடித்துச் சுருட்டும் மரத்தளத்துக்கு அவர்கள் வாயில் வழங்கிய சொல் ஏதும் இருந்தால் அனுப்புங்கள், அதையே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.